குருவின்றிக் கற்ற கலைஞர்

ஸ்பானிய தேசத்தின் லினாரெஸ் நகரில் 1893ஆம் ஆண்டிற் பிறந்தவர் அந்திரே செகோவியா. அக்காலத்திலே கித்தார் மதுச்சாலைப் பாடலுக்கும் ஆடலுக்கும் உரிய வாத்தியமென்றே பலராலும் கருதப்பட்டது. அரங்கேறும் தகுதி பியானோவுக்கும் வயலினுக்குமே உண்டென்பது கற்றோர் பலரின் துணிபு. செகோவியாவின் குடும்பத்தாரும் கித்தாரை விரும்பினாரல்லர். எனினும், சிறுவயதிற் கிரனாடாவுக்கு வந்த அவர் அதனையே பற்றிக்கொண்டார். கற்பிக்க ஆசிரியர் எவருமிலர். இசைக் குறியீடுகளை நூல்களின் துணைகொண்டு தாமே கற்று, விரல்களை நாடோறும் பழக்கினார். அக்கருவியின் பேராசானாகிய தாரேகா 1909இல் மறைந்தமையால், அவரிடம் நேரிற் பயிலும் பேறும் கிட்டவில்லை. அவ்வாண்டிலேயே, 16 வயதில், கிரனாடாவில் முதன்முதலாக மேடையேறினார். 1924இற் பாரிஸ் மாநகரம் அவரை வரவேற்றது. 1987இல் அவர் மறைந்தபோது, பல நாடுகளின் இசைக் கல்லூரிகளிற் கித்தார் ஒரு பாடமாகியிருந்தது. கருவியில் உயர்வு தாழ்வு இல்லை. கற்பவரின் உழைப்பே அதற்கு மதிப்பளிக்கின்றது.