மூன்று தவணைச் சொட்டு மருந்து

கோலார் தங்கவயல்காரர்களுக்கு வேலூர் என்றால் கோட்டை ஞாபகம் வராது, ஆஸ்பத்திரிதான் வரும். மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, பங்காருப்பேட்டையில் வண்டி மாறி, காட்பாடியில் இறங்கி, அங்கிருந்து பஸ். 1975-இல் அம்மா என் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்த வழியில் போனாள். துணிப்பையைச் சுமந்தபடி நானும் போனேன். எனக்குப் பத்து வயது, அவனுக்கு இரண்டு. காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் அவன் வலது கால் துவண்டு போயிருந்தது. இளம்பிள்ளை வாதம்.

புறப்படும் முன் காட்டிய ஓர் ஆஸ்பத்திரியில் அம்மா ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்: "மூணு தடவையும் சொட்டு மருந்து போட்டேங்க." அங்கிருந்தவர் நம்பவில்லை. "போட்டிருந்தா ஏம்மா வருது? ஒரு தடவை விட்டிருப்பே. இல்லேன்னா மருந்து போட்ட கையோட தாய்ப்பால் குடுத்திருப்பே." அந்தப் பேச்சு சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த எங்கள் லைன் வீடுகளிலும் பரவியது. அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

அறிவியல் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், பூமிக்கு அடியில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை 1965-இலேயே பதிவு செய்தார்கள். ஆனால் மேலே, லைன் வீட்டுக் குழந்தைகளின் குடலில் என்ன நடக்கிறது என்ற கேள்விக்கு விடை தேடிய இடம் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி.

அந்தத் தேடலைத் தொடங்கியவர் கேரளத்துக்காரரான டி. ஜேக்கப் ஜான். குழந்தை மருத்துவர். அமெரிக்கா போய்க் குழந்தைகளின் தொற்றுநோய்களையும் வைராலஜியையும் கற்றுத் திரும்பி, அறுபதுகளின் பிற்பகுதியில் வேலூரில் வைரஸ் ஆய்வுக்கூடம் அமைத்தார். வார்டில் குழந்தையைப் பார்ப்பவர் ஒருவர், கூடத்தில் குழாயைப் பார்ப்பவர் வேறொருவர் என்றிருந்த நாட்டில் இரண்டையும் தானே பார்த்தார். இதை நான் பெரிதாக மதிக்கிறேன். மருந்து போட்ட குழந்தையே கால் துவண்டு வருவதை வார்டில் கண்டவருக்குத்தான் கூடத்தில் எதைத் தேடுவது என்று தெரியும்.

அவர் செய்த சோதனை எளிமையானது. குழந்தையின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைப் போலியோ வைரஸோடு கலந்து, கண்ணாடிக் குழாயில் வளரும் செல்கள்மேல் விடுவார்கள். சீரத்தில் எதிர்ப்புப் பொருள் இருந்தால் செல்கள் பிழைக்கும், இல்லையென்றால் சாகும். மேலைநாடுகளில் மூன்று தவணை போட்டால் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் எதிர்ப்பு வந்துவிடும். வேலூரில், முறையாக மருந்து போட்ட பிறகும் பல குழந்தைகளின் சீரத்தில் அது இல்லை. ஜேக்கப் ஜானும் சக ஆய்வாளர் ஜெயபாலும் இதை 1972-இல் அமெரிக்க நோய்ப்பரவலியல் இதழில் எழுதினார்கள். குடலில் இருக்கும் வேறு வைரஸ்களின் குறுக்கீடுதான் காரணமோ என்றும் பார்த்தார்கள். இல்லை என்று தெரிந்தது. 1976-இல் வந்த இன்னொரு கட்டுரை தாய்ப்பாலை ஆராய்ந்தது. தாய்ப்பாலும் மருந்தைக் கெடுக்கவில்லை.

இதைப் பலரும் லேசில் ஏற்கவில்லை. மூன்று தவணை என்பது உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு. ஜேக்கப் ஜான் ஐந்து தவணை வேண்டும் என்றார், ஊசி வழித் தடுப்பு மருந்தும் வேண்டும் என்றார். ஊர்க் குழந்தைகள் எல்லோருக்கும் ஒருசேரச் சொட்டு மருந்து கொடுத்தால் இயற்கையில் பரவும் காட்டுப் போலியோ வைரஸுக்குக் குடலில் இடமே இருக்காது என்று வேலூர் நகரில் செய்து காட்டி, 1983-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். நாடு முழுக்க அந்த முறை வர இன்னும் 12 ஆண்டுகள் ஆயின.

அந்தக் கூடத்தின் கதை போலியோவோடு நிற்கவில்லை. 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் சேகரித்த இரத்த மாதிரிகள் அங்கேதான் சோதிக்கப்பட்டன. இந்தியாவில் எச்ஐவி இருப்பது அப்படித்தான் தெரிந்தது. பின்னாளில் அதே கல்லூரியில் ககன்தீப் காங் குழந்தைகளின் வயிற்றுப்போக்கையும் ரோட்டா வைரஸையும் ஆராய்ந்தார். 2019-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

1995 டிசம்பர் 9, முதல் தேசியப் போலியோ நாள். நான் அப்போது பள்ளி ஆசிரியை. ஆண்டர்சன்பேட்டையில் ஒரு முகாமில் காலையிலிருந்து மருந்துப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுப் பக்கமிருந்து பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி கேட்டாள்: "ஏற்கெனவே போட்டாச்சே டீச்சர், மறுபடியும் எதுக்கு?" பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்த பதிலைச் சொன்னேன்: நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மூன்று போதாதம்மா. சொல்லி முடித்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இந்தியாவின் கடைசிக் காட்டுப் போலியோ நோயாளிக்கு 2011 ஜனவரி 13-இல் ஹௌராவில் நோய் கண்டது. தம்பி இன்றும் காலில் காலிப்பர் மாட்டித்தான் நடக்கிறான். அம்மா 1989-இல் இறந்துபோனாள். தன் பால்தான் பிள்ளையின் காலை முடக்கியது என்று கடைசிவரை நம்பியிருந்தாள். நாங்கள் வேலூருக்குப் போனபோதே அந்த முதல் கட்டுரை அச்சேறி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அவளிடம் யாரும் சொல்லவில்லை.