சுவரேறிய முள்ளங்கி

ஜப்பானிய ஓவியங்களில் காய்கறியும் மீனும் இடம்பிடித்த வரலாற்றில் மிக முக்கியமான பெயர் ஒரு காய்கறி மண்டிக்காரருடையது. கியோட்டோ நகரின் நிஷிகி சந்தையில் 'மசுயா' என்ற மொத்தக் கடை நடத்திய குடும்பத்தின் மூத்த மகனாக 1716இல் பிறந்தவர் இதோ ஜகுசூ. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக் கடைக்காரர்களுக்குக் கோயம்பேடு எப்படியோ, கியோட்டோ வியாபாரிகளுக்கு நிஷிகி அப்படி. தந்தை இறந்ததும் இளவயதிலேயே மண்டியைக் கவனிக்க வேண்டி வந்தது. 40 வயதை எட்டியதும் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு முழுநேர ஓவியரானார்.

ஆனால் சந்தையை அவர் கைவிடவில்லை. 1771இல் நிஷிகியை மூடவைக்கும் முயற்சி கிளம்பியபோது தூரிகையை ஓரமாக வைத்துவிட்டு அதிகாரிகளிடம் நடையாய் நடந்தார். சரக்கு கொண்டுவரும் உழவர்களையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். 1774இல் சந்தைக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. காய்கறியை அவர் வரைந்த விதத்தைப் புரிந்துகொள்ள இந்த வழக்கு அவசியம். முள்ளங்கியும் கத்தரிக்காயும் அவருக்குப் பிழைப்பு. ஊராரின் பிழைப்பும் அதுவே.

அவருடைய 'காய்கறிப் பரிநிர்வாணம்' சுமார் 182 செ.மீ. உயரமும் 96 செ.மீ. அகலமும் கொண்ட, சுவரில் மாட்டும் சுருள் ஓவியம். வண்ணம் கிடையாது, காகிதத்தில் கருமை மட்டுமே. புத்தர் இரண்டு வரிசைச் சால மரங்களுக்கு நடுவே படுத்து உயிர் நீப்பதையும் சீடர்களும் விலங்குகளும் சூழ்ந்து அழுவதையும் காட்டும் படங்களைப் பௌத்தக் கோயில்களில் இரண்டாம் மாதம் 15ஆம் நாள் மாட்டுவது ஜப்பானிய வழக்கம். ஜகுசூ அதே காட்சியை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள ஒவ்வொருவருக்கும் பதிலாக ஒரு காயை வைத்தார். கவிழ்த்த கூடையின் மேல் கால் பிளந்த பெரிய முள்ளங்கி ஒன்று சாய்ந்து கிடக்கிறது, அதுதான் புத்தர். சால மரங்களின் இடத்தில் மக்காச்சோளத் தட்டைகள் நிற்கின்றன. பூசணி, கத்தரிக்காய், காளான் என அறுபதுக்கும் மேற்பட்ட காய்கனிகள் சுற்றிலும் துக்கத்தில் கவிழ்ந்திருக்கின்றன. மக்காச்சோளமும் பூசணியும் 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக ஜப்பானுக்கு வந்தவை. வந்தேறிய பயிர்களுக்கும் அந்தத் துக்கத்தில் இடம் கிடைத்தது.

இதை வேடிக்கைப் படம் என்று ஒதுக்குவது தவறு. புல்லும் மரமும்கூடப் புத்தநிலை அடையும் என்பது ஜப்பானிய பௌத்தத்தில் வேரூன்றிய நம்பிக்கை. 1779இல் மறைந்த தாயின் நினைவாகவோ, பின்னர் இறந்த தம்பியின் நினைவாகவோ ஜகுசூ இதை வரைந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒரு மண்டிக் குடும்பத்தின் இழவுக்கு மண்டிச் சரக்கே கூடி அழுகிறது.

முள்ளங்கிக்கு அந்த இடம் சும்மா கிடைத்துவிடவில்லை. தமிழர் அறிந்த பிள்ளையார் பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பானுக்குப் போய் 'ஷோதென்' என்ற பெயரில் வழிபடப்படுகிறார். இங்கே அருகம்புல் சாத்துகிறோம். அங்கே அவருக்கு முள்ளங்கி படைக்கிறார்கள். டோக்கியோவின் அசாகுசா பகுதியில் உள்ள மத்சுசியாமா கோயிலில் இரட்டை முள்ளங்கி பின்னிக்கொண்டிருக்கும் சின்னத்தைப் பல இடங்களில் காணலாம். அது தம்பதி ஒற்றுமைக்கும் உடல்நலத்துக்கும் அடையாளம். கூடவே வரும் சுருக்குப்பை செல்வத்துக்கு. ஆண்டுதோறும் ஜனவரி 7ஆம் தேதி அங்கே முள்ளங்கித் திருவிழா நடக்கிறது. கொழுக்கட்டையின் உறவுக்காரப் பண்டமும் அங்கே உண்டு: பருப்புப் பூரணத்தை மாவில் சுருக்குப்பை போல மடித்து நல்லெண்ணெயில் பொரித்தெடுப்பார்கள். கியோட்டோவில் இன்றும் விற்கிறது.

காயைப் போலவே மீனும் படமேறியது. மரக்கட்டை அச்சு ஓவியர் ஹிரோஷிகே 1830களில், கவிதைக் குழு ஒன்றின் வேண்டுகோளின்படி, மீன்களை வரிசையாக வரைந்தார்; சில ஆண்டுகளுக்குப் பின் அந்த வரிசை நீண்டது. மீனைத் தனியாகக் காட்டாமல் பக்கத்தில் ஒரு செடியையோ பூவையோ வைப்பது அவர் பாணி. பாரை மீன் குடும்பத்தைச் சேர்ந்த அஜிக்கும் இறாலுக்கும் அருகில் காரமான நீர்மிளகுத் தழை. வேறொரு படத்தில் மீனோடு இஞ்சி. பழவேற்காட்டிலும் கிடைக்கும் மடவை மீனுக்குப் பக்கத்தில் கமேலியாப் பூ. எந்தப் பருவத்தில் எது ருசி, எதோடு எது சேரும் என்பதைச் சமைப்பவர் படத்திலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

அதே நூற்றாண்டில் வடக்கே ஷோனாய் பகுதிச் சாமுராய்கள் தூண்டிலில் பிடித்த மீனின் அளவைப் பதிந்துவைக்க 'கியோதகு' என்ற முறையைக் கையாண்டார்கள். மீனைக் கழுவித் துடைத்து, உடம்பில் மை தடவி, மெல்லிய காகிதத்தை மேலே போர்த்தி விரலால் அழுத்தி எடுப்பார்கள். செதிலும் துடுப்பும் அப்படியே பதியும். கண் மட்டும் பதியாது என்பதால் அதைத் தூரிகையால் வரைவார்கள். பிடித்தவர் பெயர், நாள், நீளம் ஓரத்தில் எழுதப்படும். பொய் சொல்ல இடமில்லாத பதிவு இது. இப்போது தூண்டில் கடைகளிலும் மீன் உணவகங்களிலும் இவை சட்டமிட்டுத் தொங்குகின்றன.

'காய்கறிப் பரிநிர்வாணம்' கியோட்டோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழைய காகிதத்துக்கு வெளிச்சம் ஆகாது; ஆகவே எப்போதும் வெளியே மாட்டியிருக்க மாட்டார்கள். கியோட்டோவுக்குப் போகிறவர்கள் முதலில் நிஷிகி சந்தைக்கே போகலாம், அதுவும் மாலையில் கடைகள் அடைத்த பிறகு. இறக்கிய ஷட்டர்களில் ஜகுசூவின் ஓவியங்களைப் பெரிதாகப் பதித்திருக்கிறார்கள். பார்க்கக் கட்டணம் கிடையாது.