எல்காட்டில் லினக்ஸ்: இயங்குதளமும் எழுத்துருவும்

தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் 1977இல் நிறுவப்பட்டது. சி. உமாசங்கர் இ.ஆ.ப. அதன் மேலாண்மை இயக்குநராக இருந்த 2006-07 காலப்பகுதியில், விண்டோஸில் இயங்கிவந்த அலுவலகக் கணினிகள் சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபிஸுக்கும் மாறத் தொடங்கின. உரிமக் கட்டணச் சேமிப்பும் நச்சுநிரல் பாதுகாப்பும் இம்மாற்றத்திற்கு முதன்மைக் காரணங்களாயின.

இயங்குதளத்தை ஒரே நாளில் நிறுவிவிடலாம். பல்லாண்டுகளாகக் குவிந்த கோப்புகளை அவ்வாறு மாற்றிவிட இயலாது. 1999ஆம் ஆண்டுச் சென்னைத் தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியாக்கங்கள் தரப்படுத்தப்பட்ட பின்னரும், ஒன்றோடொன்று பொருந்தாத எழுத்துருக்கள் வழக்கில் நீடித்தன. அவற்றில் தட்டச்சான கடிதம், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். அவ்வெழுத்துருக்களும் விசைப்பலகை மென்பொருள்களும் பெரும்பாலும் விண்டோஸுக்கென உருவானவை. ஆகவே தமிழில் எழுதும் அலுவலகத்தை விண்டோஸோடு பிணைத்ததில் எழுத்துருவுக்கும் பங்குண்டு. 2010 சூன் 23 அன்று ஒருங்குறியையும் டேஸ்-16ஐயும் தமிழக அரசு தரமாக ஏற்றது அப்பிணைப்பைத் தளர்த்தியது.

ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003இல் லினக்ஸைத் தேர்ந்து, சுமார் 15,000 கணினிகளை மாற்றியபின், 2017இல் விண்டோஸுக்குத் திரும்ப முடிவெடுத்தது. இயங்குதள முடிவுகள் இவ்வாறு மீளக்கூடியவை. பழைய குறியாக்கத்தில் உறைந்த ஆவணத்தின் நிலை வேறு: எழுத்துருவும் மாற்றியும் அழிந்தால், அக்காலத்து அரசுக் கோப்பு நாளைய ஆய்வாளரின் கைக்கு எட்டியும் கண்ணுக்கு எட்டாது.