பழுதல்ல, கால இடைவெளி

2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினி போன்ற ஒரு சிறு கருவி வீட்டு வைஃபையில் சேராவிட்டால், கெட்டுவிட்டது என்று ஒதுக்கிவிடுகிறோம். அது பெரும்பாலும் பழுதல்ல. இரு காலங்களின் விதிகள் பொருந்தாமையே. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என்ற நிலை 2005-இல் வந்தது. மலிவான பழைய கருவிகள் பல அதை மட்டுமே அறியும். 5 கிகாஹெர்ட்ஸ் 2018-இல்தான் விரிவாகத் திறந்துவிடப்பட்டது. டபிள்யூபிஏ3 என்ற வைஃபை பாதுகாப்பு முறையும் அவ்வாண்டே வந்தது; பழைய கருவிகள் பல அதை அறியா.

ஆகவே, வைஃபையின் பெயரே பட்டியலில் தெரியாவிட்டால் ரௌட்டரில் 2.4 அலைவரிசையை இயக்கிப் பார்க்க வேண்டும். பெயர் தெரிந்தும், சரியான கடவுச்சொல்லை ஏற்காவிட்டால் ரௌட்டரின் பாதுகாப்பு முறையை முந்தைய டபிள்யூபிஏ2-க்கு மாற்றிப் பார்க்க வேண்டும். பழையதற்காகப் பாதுகாப்பைத் தளர்த்தலாமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் நீண்ட கடவுச்சொல்லுடன் டபிள்யூபிஏ2 இன்றும் வீட்டுக்குப் போதுமானது. விலக்க வேண்டியது அதற்கும் முந்தைய டபிள்யூஇபி. இந்த மாற்றங்கள் உதவாவிட்டால், யுஎஸ்பியில் செருகும் சிறு வைஃபை அடாப்டர் போதும். ஒரு மாணவரின் படிப்புக் கருவியைக் குப்பையில் போடுமுன் இவற்றைச் சோதித்துவிடுங்கள்.