தேவதை அல்ல, கண்டுபிடிப்பாளர்

லோயி ஃபுல்லரைப் பாரிஸ் ‘ஒளித் தேவதை’ என்று கொண்டாடியது. அந்தப் பட்டம் என்னை உறுத்துகிறது, தேவதைகள் உழைப்பதில்லை. 1862இல் அமெரிக்காவில் பிறந்த இவர், பட்டுத்துணியைக் கோல்களில் ஏந்திச் சுழற்றி, அதன்மேல் வண்ண மின்னொளி பாய்ச்சி ஆடினார். ஒளிரும் உப்புகளைச் சோதிக்க ஆய்வகம் வைத்திருந்தார். ஆடையில் பூச ரேடியம் கிடைக்குமா என்று கியூரி தம்பதியருக்கு எழுதினார். அது இயலாது என அவர்கள் விளக்கினார்கள். நன்றியாக அவர்கள் வீட்டிலேயே ஆடிக்காட்டினார்.

1892இல் தன் நடனத்துக்கு உரிமை கேட்டு நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தார். கதை சொல்லாத அசைவுக்கு உரிமையில்லை என்றது நீதிமன்றம். ஆனால் 1894இல் அதே நடனத்தின் ஆடைக்குக் காப்புரிமை கிடைத்தது. துணியையும் கோலையும் அங்கீகரித்த சட்டத்துக்கு, அவற்றை இயக்கிய பெண்ணுடலின் அறிவு தெரியவில்லை. ஆகவே என் மாணவிகளிடம் நான் அவரைக் கண்டுபிடிப்பாளர் என்றே சொல்கிறேன்.