டிரில்லுக்கு இரண்டு கடிவாளம்

சென்ற மாதம் நம் சங்க அறையில் இருக்கும் பேட்டரி டிரில்லை வாங்கிக்கொண்டு போனேன். பூஜை அலமாரிக் கதவின் கீல் ஆடிக்கொண்டிருந்தது. ட்ரிக்கரை மெதுவாக அழுத்தினால் எல்லாம் சரியாக நடக்கும் என்று நினைத்தேன். மூன்றாவது ஸ்க்ரூவிலேயே அதன் தலை மழுங்கி, பிளைவுட்டில் ஓட்டையும் பெரிதாகிவிட்டது. விரலுக்கு அடியில் இருப்பது வேகத்துக்கு. முறுக்குவிசைக்கு வரம்பு கட்டுவது முன்கழுத்தில் எண்கள் போட்ட அந்த வளையம். இது எனக்குத் தெரியாமல் போயிற்று. எதற்காக இரண்டு என்று தேடிப் படித்தேன். உங்களில் பலர் அந்த டிரில்லை எடுத்துப் போகிறவர்கள் என்பதால் எழுதுகிறேன்.

மின்சாரம் வருமுன் தச்சர்கள் வில்லில் கயிறு கட்டித் துளை போட்டார்கள். வேகமும் கையில்தான், முறுக்கும் கையில்தான். மரம் இறுகினால் கை உடனே உணரும், நிறுத்திவிடும். மோட்டார் வந்தபோது நாம் இழந்தது இந்த உணர்வைத்தான்.

1889-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஆர்தர் ஜேம்ஸ் ஆர்னட், வில்லியம் பிளாஞ்ச் பிரெய்ன் இருவரும் மின்சார டிரில்லுக்குக் காப்புரிமை பெற்றார்கள். ஆறு வருடம் கழித்து, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஃபைன் நிறுவனம் கையில் தூக்கிப் பிடிக்கும் டிரில்லைச் செய்தது. இன்று நம் கையில் இருக்கும் வடிவம் அமெரிக்காவின் பால்டிமோரில் பிறந்தது. 1910-இல் டங்கன் பிளாக், தன் காரை 600 டாலருக்கு விற்று, நண்பர் அலோன்சோ டெக்கருடன் பட்டறை தொடங்கினார். கைத்துப்பாக்கி போன்ற பிடியும் ட்ரிக்கரும் கொண்ட அவர்களுடைய டிரில்லுக்கு 1917-இல் காப்புரிமை கிடைத்தது.

ஆனால் அந்த ட்ரிக்கர் வெறும் சுவிட்ச். அழுத்தினால் முழு வேகம், விட்டால் நின்றுவிடும். இதில் ஓர் ஆபத்து உண்டு. வயர் போட்ட டிரில்களில் வழக்கமாக இருக்கும் மோட்டார், சுமை ஏற ஏற வேகம் குறைந்து, அதிக மின்சாரத்தை இழுத்து, இன்னும் பலமாக முறுக்கும். பிட் கான்கிரீட் கம்பியில் சிக்கிக்கொண்டால், அந்த நொடியில்தான் அதன் முறுக்கு உச்சத்தில் இருக்கும். பிட் சுழல முடியாதபோது டிரில்லே சுழலும்; மணிக்கட்டு பிசகும். பெரிய டிரில்லோடு வரும் பக்கவாட்டுக் கைப்பிடி அழகுக்காக அல்ல. தயவுசெய்து அதைக் கழற்றிவிட்டு வேலை செய்யாதீர்கள். ஏணியில் நிற்கும்போது கண்டிப்பாக வேண்டாம்.

வேகத்துக்குக் கடிவாளம் வந்தது குறைக்கடத்தியின் தயவால். 1957-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் தைரிஸ்டர் என்ற சிறு உறுப்பைக் கொண்டுவந்தது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலையாக ஏறி இறங்குகிறது. ஒவ்வோர் அலையிலும் ஒரு பகுதியை வெட்டிவிட்டு மீதியை மட்டும் மோட்டாருக்கு அனுப்புவது இந்த உறுப்பின் வேலை. ட்ரிக்கரை எவ்வளவு அழுத்துகிறோமோ அதற்கேற்ப வெட்டு குறையும், வேகம் கூடும். டைலில் பிட் வழுக்காமல் மெல்லத் துளையைத் தொடங்க முடிவது இதனால்தான்.

இதிலும் ஒரு சிக்கல். மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி அதே தண்டில்தான் சுற்றுகிறது. ட்ரிக்கரைப் பாதி அழுத்திக்கொண்டே நெடுநேரம் கனமான வேலை வாங்கினால், காற்று போதாமல் சுருள் கருகும். டிரில்லில் 1, 2 என்று கியர் இருந்தால், கனமான வேலைக்கு 1-ஐப் போடுங்கள். வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால் முறுக்கு ஏறத்தாழ மூன்று மடங்காகும். மோட்டாரும் தன் வேகத்திலேயே ஓடும்.

பேட்டரி டிரில்லை பிளாக் அண்ட் டெக்கர் 1961-இல் வெளியிட்டது. நிலவுக்குப் போவதற்காகக் கண்டுபிடித்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது உண்மையல்ல. நிலவில் டிரில் ஓடியது 1971-இல், அப்போலோ 15 பயணத்தில். ஆனால் அதே நிறுவனம் ஜெமினி விண்வெளித் திட்டத்துக்கு ஒரு திருகுக் கருவி செய்து கொடுத்தது உண்மை. போல்ட்டைத் திருகும்போது மிதக்கும் வீரர் தாமே சுழன்றுவிடக் கூடாதல்லவா! ஏணியில் நிற்கும் நமக்கும் அதே பிரச்சினைதான்.

பேட்டரி டிரில்லால் எல்லோரும் ஸ்க்ரூ முடுக்கத் தொடங்கிய பிறகுதான் கிளட்ச் வளையம் வீட்டுக்குள் வந்தது. உள்ளே ஒரு ஸ்பிரிங், கியரின் மேட்டுப்பள்ளங்களில் சிறு குண்டுகளை அழுத்திக்கொண்டிருக்கும். முறுக்கு வரம்பு மீறினால் குண்டுகள் மேடு தாண்டி வழுக்கும். ஸ்க்ரூ நின்றுவிடும், மோட்டார் மட்டும் ஓடும். வங்கிக்காரன் பாஷையில் சொன்னால் ட்ரிக்கர் என்பது பணம் எடுக்கும் வேகம், வளையம் என்பது ஓவர்டிராஃப்ட் வரம்பு. வளையத்தில் உள்ள எண்கள் எந்த அளவையும் குறிப்பவை அல்ல. ஒரு கம்பெனியின் 5 இன்னொன்றின் 5 ஆகாது. கடைசியில் இருக்கும் பிட் படம், கிளட்சைப் பூட்டிவிடும். துளை போட மட்டுமே அது. நான் ஸ்க்ரூ முடுக்கியது அந்தப் படத்தில் வைத்துத்தான்!

பெரிதான ஓட்டையில் ஃபெவிகால் தடவிய தீக்குச்சிகளைச் செருகி, ஒரு நாள் காயவிட்டு, வளையத்தை 3-இல் வைத்து மறுபடி முடுக்கினேன். ஸ்க்ரூ பாதியில் நின்றது. 4-இல் தலை பலகையோடு பலகையாக உட்கார்ந்ததும் 'டர்ர்' என்றது. டிரில்லைச் சங்க அறையில் திருப்பி வைத்துவிட்டேன். வளையம் 4-இலேயே இருக்கிறது; எடுப்பவர்கள் பார்த்து மாற்றிக்கொள்ளவும்.