கபிட்யுலேஷன்: தலைப்பு போட்டுத் தோற்பது எப்படி?

'சரண்டர்' நம்ம ஊருக்குப் புதுசே இல்லை. கோர்ட்டுல சரண்டர், போலீஸ் ஸ்டேஷன்ல சரண்டர், அரசு ஊழியர்னா லீவு சரண்டர் வரைக்கும் உண்டு. ஆனா அதுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருத்தர் இருக்கார். அதிகம் வெளியே வரமாட்டார். பேரு கபிட்யுலேஷன்.

அகராதியில பாத்தா ரெண்டுக்கும் 'சரணடைதல்'னுதான் போட்டிருக்கும். அங்கதான் சிக்கலே. லத்தீன்ல 'கபுட்'னா தலை. அதுலேர்ந்து 'கபிட்டுலும்', அதாவது சின்னத் தலை, புத்தகத்துல வர்ற தலைப்பு. நாம தலையிலேர்ந்து தலைப்பு உண்டாக்கின அதே கதைதான் :-) ஆங்கிலத்துல 'சாப்டர்'ங்கிற சொல்லும் இதே வேர்தான். ஆக, கபிட்யுலேஷன்னா ஒண்ணாவது ஷரத்து, ரெண்டாவது ஷரத்துன்னு தலைப்பு பிரிச்சு எழுதி, ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு, அப்புறம் கோட்டைச் சாவியைக் கொடுக்கறது. தோல்விதான், ஆனா பேரம் பேசின தோல்வி. வீரர்கள் கொடியோட, முரசு கொட்டிக்கிட்டு வெளியே போகலாமா, தனியார் சொத்து யாருக்கு, கோயில் சர்ச்சுக்கு என்ன கதி, எல்லாம் அதுல வரும்.

எழுதி வாங்கினா போதுமா? நம்ம சென்னையையே கேப்போம்.

1746 செப்டம்பர்ல பிரெஞ்சுக் கப்பற்படைத் தளபதி லா பூர்தொனே புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடிச்சார். ஆங்கிலேயர்கள் ஷரத்து எழுதித்தான் சரணடைஞ்சாங்க. மீட்புப் பணம் கொடுத்து ஊரைத் திருப்பி வாங்கிக்கலாம்னு ஏற்பாடு. தொகை 11 லட்சம் வராகன்னு பேசி முடிச்சாங்க. புதுச்சேரியில இருந்த கவர்னர் டூப்ளேக்கு இது பிடிக்கலை. பிடிச்ச ஊரைப் பணத்துக்குத் திருப்பித் தர லா பூர்தொனே யாருன்னு ரெண்டு பேருக்கும் தகராறு. அக்டோபர்ல அடிச்ச புயல்ல கப்பல்கள் நாசமாகி லா பூர்தொனே கிளம்பிப் போனதும், டூப்ளே ஒப்பந்தமே செல்லாதுன்னு அறிவிச்சுட்டார். "நீங்க வாக்கை மீறினா எங்க வாக்கும் எங்களைக் கட்டுப்படுத்தாது"ங்கிறது ஆங்கிலேயர் கட்சி. அப்படி மாறுவேஷம் போட்டுக் கடலூர் பக்கம் செயின்ட் டேவிட் கோட்டைக்கு ஓடினவங்கள்ல ஒரு இளம் குமாஸ்தா, ராபர்ட் கிளைவ். அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும்.

15 வருஷம் கழிச்சு அப்படியே தலைகீழ். 1761 ஜனவரி, முற்றுகையில புதுச்சேரி பட்டினி கிடக்குது. பிரெஞ்சுத் தளபதி லாலி நிபந்தனை பேசப் பாத்தார். எதிர்ல இருந்த அயர் கூட் மசியலை. ஷரத்தெல்லாம் கிடையாது, கைதியா வாங்க, மத்தது எங்க இஷ்டம்னுட்டார். லாலியும் வேற வழியில்லாம அப்படியே சரணடைஞ்சார். இதுக்கு கபிட்யுலேஷன்னு பேர் கிடையாது, வெறும் சரண்தான். விளைவு? கோட்டையையும் ஊரையும் இடிச்சுத் தரைமட்டமாக்கினாங்க. 1758-ல செயின்ட் டேவிட் கோட்டையை லாலி இடிச்சதுக்குப் பழிவாங்கல். இன்னைக்கு நாம படம் பிடிக்கிற புதுச்சேரி பிரெஞ்சுத் தெருக்கள் பெரும்பாலும் அதுக்கப்புறம் எழும்பினதுதான். லாலியை 1766-ல அவர் நாட்டுக்காரங்களே துரோகின்னு தலையை வெட்டிட்டாங்க.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு கூத்தும் உண்டு. துருக்கி சுல்தான்கள் ஐரோப்பிய வியாபாரிகளுக்குக் கொடுத்த சலுகைப் பத்திரங்களுக்கும் இதே பேர்தான். 1569-ல பிரான்ஸுக்குக் கொடுத்தப்போ சுல்தான் யாருக்கும் சரணடையலை, அவர்தான் பலசாலி. தலைப்பு தலைப்பா எழுதினதால அந்தப் பேர், அவ்வளவுதான். பேரரசு நலிஞ்சதும் அதே சலுகை கால் விலங்காச்சு. சொந்த நாட்டுல சுங்கவரி ஏத்த முடியாது, வெளிநாட்டுக்காரன் தப்பு செஞ்சா நம்ம கோர்ட்டுல இழுக்க முடியாது. 1923 லொசான் உடன்படிக்கையிலதான் அது முறைப்படி ஒழிஞ்சது. பெருமையா எழுதின ஷரத்து, மெதுவா சரணாகதி ஆயிடுச்சு!

இப்போ பத்திரிகைகள்ல 'மொத்தமா மடங்கிட்டான்'ங்கிற அர்த்தத்துலதான் இந்தச் சொல் வருது. பங்குச்சந்தையில எல்லாரும் பயந்து வித்துட்டு ஓடறதுக்கும் இதே பேர். பேரம் பேசறதுக்குப் பிறந்த சொல், பேரமே இல்லாத தோல்வியைக் குறிக்குது.

நம்ம 'சரண்' புகலிடத்துலேர்ந்து வந்தது. பெருமாள் கால்ல விழறவன் ஷரத்து போடமாட்டான். பக்திக்கு அது அழகு. ஆனா ஜெயிச்ச மனுஷன் கிட்ட போறப்ப ஷரத்து வேணும்.

சென்னைக்கு எழுதின காகிதமும் காப்பாத்தலையேன்னு கேக்கலாம். நியாயம்தான். ஆனா காகிதம் இருந்ததால மீறினதை மீறல்னு சொல்ல முடிஞ்சது. புதுச்சேரியில மீறறதுக்கே ஒண்ணும் இல்லை, இடிச்சவனை எந்த வாக்கைக் காட்டிக் கேக்கறது? 1907 ஹேக் போர்விதிகள்ல 35-வது பிரிவு இதுக்குன்னே இருக்கு: கபிட்யுலேஷன் ஒருமுறை முடிவாயிட்டா ரெண்டு தரப்பும் வழுவாம கடைப்பிடிக்கணும்.

தமிழ்ல 'ஷரத்துச் சரண்'னு சொல்லலாம்னு எனக்குத் தோணுது. இதைவிட நல்ல சொல் இருந்தா சொல்லுங்க மக்களே, ஏத்துக்கறேன். நிபந்தனையோட :-)